நான்காண்டுக்கு ஒருமுறை: லீப் ஆண்டு விதியின் மொழி வரலாறு

1. முன்னுரை

ஓர் ஆண்டின் எண்ணைக் கொடுத்தால் அவ்வாண்டு லீப் ஆண்டா அன்றா என விடை கூறும் செயற்கூற்றை எழுதுவது, நிரலாக்கம் பயில்வோர்க்குத் தொடக்க நிலையில் தரப்படும் பயிற்சிகளுள் ஒன்று. உள்ளிடுவது ஓர் எண். பெறுவது 'மெய்', 'பொய்' என்னும் இரண்டனுள் ஒன்று. மூன்று வகுத்தல்களுக்கு மேல் இதில் கணக்கு இல்லை. ஆயினும் இச்சிறு செயற்கூறு தவறாக எழுதப்பட்டமைக்கும், சரியாக எழுதப்பட்டும் தவறாக ஆளப்பட்டமைக்கும் கணிப்பொறி வரலாற்றில் சான்றுகள் உள்ளன. கணிப்பொறி தோன்றுவதற்கு இருபது நூற்றாண்டுகள் முன்னரே, உரோம் நகரின் குருமார் இவ்விதியைப் பிறழப் பொருள்கொண்டு நாட்காட்டியில் மூன்று நாட்களை மிகையாகச் சேர்த்தனர்.

லீப் ஆண்டு விதி பிழைபடும் இடம் பெரும்பாலும் அதன் கணக்கு அன்று. அதனைக் கூறும் வாக்கியமே என்பது இக்கட்டுரையின் கருத்து. அவ்வாக்கியம் இரண்டு இடங்களில் இடறுகிறது. எண்ணத் தொடங்கும் ஆண்டு எண்ணிக்கையுள் அடங்குமா, நீங்குமா என்பது ஒன்று. பொதுவிதியை விலக்கும் சிறப்பு விதிக்கும் ஒரு விலக்கு உண்டு என்பதை எவ்வாறு கூறுவது என்பது மற்றொன்று. உரோமானிய அரசாணை முதல் நிரல்மொழி ஈறாக இவ்வாக்கியம் அடைந்த வடிவங்கள் இங்கு வரலாற்று முறையில் ஆராயப்படுகின்றன.

2. பெயர்கள் காட்டும் நோக்கு

ஒரே பொருளுக்கு மொழிகள் வழங்கியுள்ள பெயர்கள் அப்பொருளின் வெவ்வேறு கூறுகளைச் சுட்டுகின்றன. இலத்தீனில் மிகுநாளின் பெயர் 'பிஸ்செக்ஸ்துஸ்'. 'இருமுறை ஆறாவது' என்பது இதன் பொருள். உரோமானியர் மாதத்தின் நாட்களை வரவிருக்கும் ஒரு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணினர். மார்ச்சு முதல் நாளையும் சேர்த்து எண்ணினால் பிப்ரவரி 24 ஆறாம் நாள் ஆகும். மிகுநாள் பிப்ரவரி இறுதியில் சேர்க்கப்படவில்லை. இந்த ஆறாம் நாளே இருமுறை வந்தது. பிரெஞ்சு, இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் லீப் ஆண்டின் பெயர் இச்சொல்லின் வழிவந்ததே. செருமானியப் பெயராகிய 'ஷால்ட்யார்' இடையில் செருகப்பட்ட ஆண்டு என்னும் பொருளது.

ஆங்கிலப் பெயர் வேறொரு நோக்கில் அமைந்தது. 365 நாட்களில் 52 வாரங்கள் போக ஒரு நாள் எஞ்சுவதால், ஒரு தேதி ஆண்டுதோறும் அடுத்த கிழமைக்கு நகரும். மிகுநாள் வந்தபின் அது ஒரு கிழமையைத் தாண்டிச் செல்லும். 2022 மார்ச்சு 1 செவ்வாய். 2023இல் அது புதன். 2024இல் வியாழனைத் தாண்டி வெள்ளி. தாண்டுவது கிழமையே அன்றி ஆண்டு அன்று. ஆதலின் ஆங்கிலச் சொல்லை அப்படியே பெயர்த்துத் 'தாண்டும் ஆண்டு' என்றால் பொருள் விளங்காது. தமிழில் 'லீப் ஆண்டு' என்னும் கடன்சொல்லும், நாளின் மிகுதியைச் சுட்டும் 'மிகுநாள் ஆண்டு', ஆண்டின் நீளத்தைச் சுட்டும் 'நெட்டாண்டு' என்னும் ஆக்கச்சொற்களும் வழங்குகின்றன. பின்னிரண்டும் ஆங்கிலச் சொல்லைப் பின்பற்றாமல் பொருளைப் பின்பற்றியவை.

இலத்தீன் பெயர் ஒரு சட்டச் சிக்கலையும் உடன்கொணர்ந்தது. ஒரே பெயருடைய இரண்டு நாட்கள் சட்டத்தின்முன் ஒரு நாளா, இரு நாட்களா? அவ்விரண்டும் ஒரு நாளாகவே கொள்ளப்படும் என்பது உரோமானியச் சட்ட அறிஞர் கெல்சுஸ் கூறிய விடை. 13ஆம் நூற்றாண்டு இங்கிலாந்திலும் இதே கருத்தில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. பெயரொன்று எண்ணிக்கையை மாற்றியமைக்கு இது ஒரு சான்று.

3. உரோமானிய எண்ணுமுறையும் முதற் பிழையும்

சூலியஸ் சீசர் நாட்காட்டியைத் திருத்தியபோது, பருவங்களோடு அதனைப் பொருத்துவதற்காகக் கி.மு. 46ஆம் ஆண்டு 445 நாட்கள் கொண்டதாக நீட்டப்பட்டது. புதிய நாட்காட்டி கி.மு. 45இல் நடைமுறைக்கு வந்தது. அலெக்சாந்திரியாவைச் சேர்ந்த சோசிகெனஸ் என்னும் வானியலறிஞர் சீசருக்குத் துணைநின்றதாகப் பிளினி குறிப்பிடுகிறார். ஆண்டுக்கு 365 நாட்கள். நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு மிகுநாள். இதுவே விதி.

கி.மு. 44இல் சீசர் கொலையுண்டபின் விதியை நடைமுறைப்படுத்தும் பொறுப்பு குருமாரிடம் இருந்தது. அவர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறை மிகுநாளைச் சேர்த்தனர். நான்காம் ஆண்டு முடிந்து ஐந்தாம் ஆண்டு தொடங்குமுன் சேர்க்கவேண்டிய நாளை நான்காம் ஆண்டின் தொடக்கத்திலேயே அவர்கள் சேர்த்ததாக மக்ரோபியுஸ் விளக்குகிறார். 36 ஆண்டுகளில் 9 மிகுநாட்கள் வரவேண்டிய இடத்தில் 12 வந்தன. பேரரசர் அகஸ்துஸ் கி.மு. 8ஐ ஒட்டி இதனைத் திருத்தி, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மிகுநாளே வாராதவாறு நிறுத்திவைத்தார். திருத்திய முறை செப்பேடு போன்றதொரு வெண்கலப் பட்டயத்தில் பொறிக்கப்பட்டது என்பதும் மக்ரோபியுஸ் தரும் செய்தி.

குருமார் கணக்கறியாதவர் அல்லர். அவர்கள் தம் மொழியின் வழக்கைப் பின்பற்றினர் என்பதே வரலாற்றாசிரியர் பலரும் உடன்படும் விளக்கம். சீசரின் ஆணை அதன் மூலச் சொற்களில் கிடைக்கவில்லை. ஆயினும் பின்னாளில் இச்செய்தியைக் கூறும் சுவெத்தோனியுஸ், 'ஒவ்வொரு நான்காம் ஆண்டிலும்' என்னும் பொருள்தரும் தொடரை ஆள்கிறார். இலத்தீனில் வரிசையெண்ணுடன் 'ஒவ்வொரு' எனும் சொல் சேரும்போது, தொடங்கும் அலகும் எண்ணிக்கையுள் அடங்குவதே பெருவழக்கு. எட்டு நாட்களுக்கு ஒருமுறை கூடிய சந்தைநாளின் பெயர் 'ஒன்பதாவது' என்னும் சொல்லடியாகப் பிறந்தது. நான்காண்டுக்கு ஒருமுறை நிகழ்ந்த விழாக்கள் 'ஐந்தாண்டு விழா' எனப்பட்டன. மருத்துவத்தில் நிலைத்துவிட்ட இலத்தீன் வழிப் பெயர்களிலும் இதனைக் காணலாம். 48 மணி நேரத்துக்கு ஒருமுறை வரும் மலேரியாக் காய்ச்சல் 'மூன்றாம் நாள் காய்ச்சல்' எனவும், 72 மணி நேரத்துக்கு ஒருமுறை வருவது 'நான்காம் நாள் காய்ச்சல்' எனவும் பெயர்பெற்றன. இவ்வழக்கின்படி ஒரு லீப் ஆண்டை முதலாவதாகக் கொண்டு எண்ணினால், நான்காவது ஆண்டு மூன்றாண்டு கழித்தே வந்துவிடும்.

இது இலத்தீனுக்கு மட்டும் உரிய இடர் அன்று. ஒரே கால இடைவெளியை மூன்று மொழிகள் மூன்று எண்களால் கூறுவதை நோக்கலாம். தமிழர் 'ஒருநாள் விட்டு ஒருநாள்' என்பதை ஆங்கிலேயர் 'ஒவ்வோர் இரண்டாம் நாளும்' என்பர். உரோமானியர் 'ஒவ்வொரு மூன்றாம் நாளும்' என்பர். தமிழ் இடையில் விடுபட்ட நாளை எண்ணுகிறது. ஆங்கிலம் ஓர் எல்லையைச் சேர்க்கிறது. இலத்தீன் இரண்டு எல்லைகளையும் சேர்க்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என எண் வேறுபட்டும் இடைவெளி வேறுபடவில்லை. எண்ணை மட்டும் பெயர்த்து எண்ணுமுறையைப் பெயர்க்காத மொழிபெயர்ப்பு சொல்லளவில் சரியாக இருந்தும் பொருளில் தவறும்.

தமிழுக்குள்ளேயே இரு முறைகளும் உண்டு. திருவிழாவின் பத்தாம் நாள் என்பது கொடியேற்றத்தின்பின் ஒன்பது நாட்கள் கழித்து வருவது; தொடக்க நாள் எண்ணிக்கையுள் அடங்கும். 'பத்து நாள் கழித்து' என்றால் அது நீங்கும். 'நான்காண்டுக்கு ஒருமுறை' என்னும் நான்காம் வேற்றுமைத் தொடர் இடைவெளியைத் தெளிவாகக் கூறுகிறது. 'நான்காண்டு இடைவிட்டு' என்பதோ ஐந்தாம் ஆண்டைச் சுட்டிவிடும். எல்லைகளைக் குறிக்கும் சொற்களுள் 'வரை' என்பது ஐயத்துக்கு இடந்தருவது. 'ஈறாக' என்பது தராதது. தொல்காப்பியத்தின் முதல் நூற்பா, எழுத்துகளின் முதலையும் இறுதியையும் பெயர்சொல்லிச் சுட்டியதோடு அமையாது, அவை முப்பது எனத் தொகையும் கூறுகிறது. எல்லைகள் உட்பட்டனவா என்னும் வினாவுக்கு அத்தொகையே விடையாகிறது. சீசரின் விதிக்கு இத்தகைய காவல் அமைந்திருந்தால் 36 ஆண்டுப் பிழை நேர்ந்திராது.

4. 1582ஆம் ஆண்டு ஆணையும் 1750ஆம் ஆண்டுச் சட்டமும்

சீசரின் விதி ஆண்டின் சராசரி நீளத்தை 365.25 நாட்களாகக் கொண்டது. பருவங்கள் மீளும் காலம் ஏறத்தாழ 365.2422 நாட்கள். இவ்வேறுபாடு சுமார் 128 ஆண்டுகளில் ஒரு நாளாகப் பெருகும். கி.பி. 325இல் நிக்கேயா திருச்சபைப் பேரவை கூடிய காலத்தில் மார்ச்சு 21ஐ ஒட்டி நிகழ்ந்த இளவேனில் சமவிரவுநாள், 16ஆம் நூற்றாண்டில் மார்ச்சு 11க்கு நகர்ந்திருந்தது. ஈஸ்டர் திருநாள் இதனைச் சார்ந்ததாகையால் திருச்சபைக்குத் திருத்தம் இன்றியமையாததாயிற்று. அலோய்சியுஸ் லிலியுஸ் வகுத்த திட்டத்தைக் கிறிஸ்தோபர் கிளாவியுஸ் முதலியோர் ஆராய்ந்தபின், திருத்தந்தை 13ஆம் கிரெகொரி 1582இல் ஆணை வெளியிட்டார். மார்ச்சு முதல் நாளுக்கு முன் ஆறாம் நாள், அதாவது பிப்ரவரி 24, அவ்வாணையின் தேதி. லீப் ஆண்டில் இரட்டிக்கும் நாளிலேயே லீப் ஆண்டு விதியைத் திருத்தும் ஆணை எழுதப்பட்டது. அவ்வாண்டு அக்டோபர் 4க்கு அடுத்த நாள் அக்டோபர் 15 எனக் கொள்ளப்பட்டது.

ஆணை விதியைக் கூறும் முறை கருதத்தக்கது. '400ஆல் வகுபடும் ஆண்டு' என்னும் கணிதத் தொடர் அதில் இல்லை. நான்காண்டுக்கு ஒருமுறை என்னும் பழைய விதியை நிலைநிறுத்தி, நூற்றாண்டு முடிவுகளை மட்டும் பிரித்தெடுத்து, 1600 லீப் ஆண்டு, 1700, 1800, 1900 ஆகியவை அல்ல, 2000 வழக்கம்போல் லீப் ஆண்டு என ஒவ்வொன்றாக எண்ணிக்காட்டி, இதே வரிசை ஒவ்வொரு நானூறு ஆண்டிலும் என்றும் பின்பற்றப்படுக என முடிக்கிறது. எடுத்துக்காட்டுகளே இங்கு விதியாக நிற்கின்றன. 2000ஆம் ஆண்டைப் பற்றி ஐயுறுவதற்கு 1582இலேயே இடம் இருக்கவில்லை.

இங்கிலாந்து இதனை 170 ஆண்டுகள் ஏற்கவில்லை. 1750ஆம் ஆண்டுச் சட்டம் எனப்படும் நாட்காட்டிச் சட்டத்தின்படி 1752 செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14 ஆயிற்று. ஆசியா உள்ளிட்ட மன்னரின் ஆட்சிப்பகுதிகள் அனைத்துக்கும் அச்சட்டம் விதிக்கப்பட்டது. சட்ட வரைவாளர் 1800, 1900, 2100, 2200, 2300 என விலக்கப்படும் ஆண்டுகளையும், 2000, 2400, 2800 என விலக்கிலிருந்து மீளும் ஆண்டுகளையும் பெயர்சொல்லிக் குறித்தனர். அதனோடு, நானூறு ஆண்டுகளை எண்ணும்போது 2000ஆம் ஆண்டும் உட்பட எனப் பொருள்படும் சொல்லையும் சேர்த்தனர். உரோமானியக் குருமாருக்குக் கிடைக்காத சொல் அதுவே.

5. பொதுவிதி, விலக்கு, விலக்கின் விலக்கு

கிரெகொரி விதியின் அமைப்பு இலக்கண நூலார்க்குப் புதியது அன்று. பாணினீயத்தில் பொதுவிதி 'உத்சர்கம்' எனவும், அதனைத் தடுக்கும் சிறப்பு விதி 'அபவாதம்' எனவும் பெயர்பெறும். தற்கால ஒலியனியலில் பால் கிபார்ஸ்கி 1973இல் முன்வைத்த 'பிறவிடக் கோட்பாடு', குறுகிய விதி தனக்குரிய இடத்தில் பரந்த விதியைத் தடுக்கும் எனக் கூறுவது. தொல்காப்பிய உரையாசிரியர்கள் ஒரு நூற்பா முன்னதனோடு கொள்ளும் உறவை 'எய்தியது ஒருமருங்கு மறுத்தல்', 'எய்தியது விலக்கிப் பிறிதுவிதி வகுத்தல்', 'எய்தாதது எய்துவித்தல்' முதலிய தொடர்களால் குறித்தனர். இக்கலைச்சொற்கள் லீப் ஆண்டு விதிக்கு நன்கு பொருந்துகின்றன. நான்கால் வகுபடுவன லீப் ஆண்டு என்பது பொதுவிதி. நூறால் வகுபடுவன ஆகா என்பது, எய்தியதை ஒருமருங்கு மறுக்கிறது. 400ஆல் வகுபடுவன ஆகும் என்பது, மறுக்கப்பட்டதை ஒருமருங்கு மீண்டும் எய்துவிக்கிறது.

இவ்வடுக்கில் 400 ஆண்டுகளுக்கு 100 மிகுநாட்களில் 4 நீங்கி 1 மீள்வதால் 97 மிகுநாட்கள் அமையும். ஆண்டின் சராசரி 365.2425 நாட்கள் ஆகும். மூன்று விதிகளும் சேர்ந்தே ஒரு விதி. அவற்றுள் இரண்டை மட்டும் கற்பது ஒன்றை மட்டும் கற்பதினும் தீங்கு பயக்கலாம் என்பது பின்னர்க் காட்டப்படும்.

6. விதி நிரலாகும் முறை

நிரல்மொழியில் இவ்விதியை மூன்று முறைகளில் எழுதலாம். முதலாவது, பொதுவிதியில் தொடங்கி விடையைத் திருத்திக்கொண்டே செல்லுதல். 4ஆல் வகுபட்டால் விடையை 'மெய்' எனவும் இல்லையேல் 'பொய்' எனவும் வைக்க. பின்னர் 100ஆல் வகுபட்டால் 'பொய்' என மாற்றுக. பின்னர் 400ஆல் வகுபட்டால் 'மெய்' என மாற்றுக. இங்குப் பின்வருவது வலியது. விதிகள் முரணும்போது பின்னதே கொள்ளப்படும் என்னும் பாணினியின் நூற்பாவை இது ஒக்கும். கிரெகொரியின் ஆணையும் இவ்வரிசையிலேயே செல்கிறது.

இரண்டாவது, விடை கிடைத்தவுடன் நிறுத்துதல்:

(அ) ஆண்டு 400ஆல் மீதியின்றி வகுபடின், மெய்.
(ஆ) அவ்வாறன்றி 100ஆல் வகுபடின், பொய்.
(இ) அவ்வாறன்றி 4ஆல் வகுபடின், மெய்.
(ஈ) ஏனைய எல்லாம், பொய்.

இங்கு முன்வருவது வலியது. ஆதலின் மிகக் குறுகிய விதி முதலிலும் மிகப் பரந்தது இறுதியிலும் நிற்கவேண்டும். உரைநடை வரிசையை அப்படியே பின்பற்றி 4ஆல் வகுபடுதலை முதலில் வைத்தால், செயற்கூறு 1900க்கும் 'மெய்' எனக் கூறி நின்றுவிடும். அடுத்த வரிகள் என்றுமே எட்டப்படா. பயில்வோர் செய்யும் பிழைகளுள் இது பெருவழக்கானது. இது கணக்குப் பிழை அன்று. பின்வருவது வலியதாகும் மொழியிலிருந்து முன்வருவது வலியதாகும் மொழிக்கு வரிசை மாற்றாமல் பெயர்த்த மொழிபெயர்ப்புப் பிழை.

தமிழின் இயல்பான தொடரமைப்பு இவ்விரண்டாம் முறைக்கே அணுக்கமானது. ஆங்கிலம் விலக்கை வாக்கிய இறுதியில் ஒட்டவல்லது. வினைமுற்றை இறுதியில் கொள்ளும் தமிழிலோ 'ஒழிய', 'தவிர', 'நீங்கலாக' என்பன தாம் விலக்கும் கூற்றுக்கு முன்னர் வருதலே இயல்பு.

மூன்றாவது முறை, முழுவதையும் ஒரே கோவையாக எழுதுதல். கெர்னிகன், ரிச்சி ஆகிய இருவரும் 1978இல் வெளியிட்ட சி மொழி நூலில் மீதி காணும் செயற்குறிக்கு இக்கோவையே எடுத்துக்காட்டாக வந்து பரவியது. 4ஆல் வகுபட்டு 100ஆல் வகுபடாதது, அல்லது 400ஆல் வகுபடுவது என்பது அதன் அமைப்பு. இதனைத் தமிழில் '4ஆல் வகுபட்டு, 100ஆல் வகுபடாத அல்லது 400ஆல் வகுபடும் ஆண்டு' என எழுதினால் 'வகுபட்டு' என்னும் வினையெச்சம் முதற் பெயரெச்சத்தோடு மட்டும் முடியுமா, இரண்டோடும் முடியுமா என்னும் ஐயம் எழும். சி மொழியில் 'உம்' பொருள் தரும் குறிக்கு 'அல்லது' பொருள் தரும் குறியைவிட முன்னுரிமை உண்டு; ஆதலின் அங்கு ஐயம் இல்லை. தமிழிலும் இவ்வையம் தீங்கற்றதே. 400ஆல் வகுபடும் எண் எதுவும் 4ஆலும் வகுபடும். எவ்வாறு பிரித்துப் படித்தாலும் ஒரே ஆண்டுகள் கிடைக்கும். ஆனால் '100ஆலோ 400ஆலோ வகுபடாத' எனச் சுருக்கினால் 2000 விடுபட்டுப்போகும். தொடர்ப் பொருள்மயக்கங்களுள் எது தீங்கானது, எது அன்று என்பதை இங்கு அமைப்பு தீர்மானிக்கவில்லை; எண்களின் இயல்பே தீர்மானிக்கிறது.

7. கணிப்பொறிக் காலப் பிழைகள்

1983இல் வெளிவந்த லோட்டஸ் 1-2-3 என்னும் விரிதாள் மென்பொருள் 1900ஐ லீப் ஆண்டாகக் கொண்டது. பின்னர் வந்த மைக்ரோசாப்ட் எக்செல், லோட்டஸ் கோப்புகளிலுள்ள தேதி எண்கள் மாறாமல் இருக்கவேண்டி இப்பிழையை அறிந்தே ஏற்றுக்கொண்டது. அதன் 1900 தேதி முறையில் 60ஆம் எண், என்றும் நிகழாத 1900 பிப்ரவரி 29ஐக் குறிக்கும். ஏட்டில் புகுந்த பிழைபாடம் பல படிகளில் பரவியபின் திருத்த இயலாத வழக்காவதை ஒத்தது இது.

2000ஆம் ஆண்டு மேலும் விளக்கம் தருவது. நான்கின் விதியை மட்டும் அறிந்த நிரலர் 2000ஐ லீப் ஆண்டு எனச் சரியாகக் கூறினார். மூன்று விதிகளையும் அறிந்தவரும் அவ்வாறே கூறினார். நூறின் விதியைக் கற்று நானூறின் விதியைக் கல்லாதவரே தவறினார். எனவே 2000ஆம் ஆண்டு மாற்றத்துக்கான ஆயத்தப் பணிகளில் சனவரி 1ஐப் போலவே பிப்ரவரி 29ஆம் நாளும் சரிபார்க்கவேண்டிய நாளாக வைக்கப்பட்டது.

2008 டிசம்பர் 31 அன்று மைக்ரோசாப்டின் சூன் இசைக் கருவிகளுள் ஒருவகை செயலற்று நின்றது. அக்கருவி நாட்களின் மொத்த எண்ணிக்கையிலிருந்து ஆண்டைக் கணித்தது. 365க்கு மேல் நாட்கள் எஞ்சும்வரை சுழல்க; லீப் ஆண்டாயின், 366க்கு மேற்பட்டால் 366ஐக் கழிக்க என்பது நிரலின் போக்கு. லீப் ஆண்டின் இறுதி நாளில் எண் சரியாக 366. அது 365க்கு மேற்பட்டது. 366க்கு மேற்பட்டது அன்று. கழித்தலும் நிகழவில்லை, சுழற்சியும் முடியவில்லை. லீப் ஆண்டா என்னும் வினாவுக்கு நிரல் சரியான விடையே பெற்றது. அவ்விடையை ஆண்ட வாக்கியத்தில் 'மேற்பட்டால்' என்பதற்கும் 'அவ்வெண்ணாகவோ மேற்பட்டோ இருந்தால்' என்பதற்கும் உள்ள வேறுபாடு கருதப்படவில்லை. எல்லை உட்பட்டதா, நீங்கியதா என்னும் பழைய வினாவே இங்கும் எழுந்தது. 2012 பிப்ரவரி 29 அன்று மைக்ரோசாப்டின் அசூர் சேவை தடைப்பட்டமைக்கும் காரணம் சொற்பொருள் சார்ந்தது. 'ஓராண்டு கழித்து' என்பதை ஆண்டின் எண்ணோடு ஒன்றைக் கூட்டுதல் எனப் பெயர்த்த நிரல், 2013 பிப்ரவரி 29 என்னும் இல்லாத நாளைச் சான்றிதழின் இறுதி நாளாகக் குறித்தது.

8. இந்திய நாட்காட்டிகள்

தமிழ்ச் சூரிய நாட்காட்டிக்கு இத்தகைய விதி இல்லை. சூரியன் இராசியினுள் புகும் நேரத்தைக் கணித்தே மாதப்பிறப்பு அறுதியிடப்படுவதால், ஆண்டு 365 நாட்களாகவோ 366 நாட்களாகவோ தானே அமைகிறது. ஆண்டின் எண்ணை மட்டும் கொண்டு அது மிகுநாள் ஆண்டா என விடை கூறும் எளிய வாக்கியத்தை இங்கு எழுதவியலாது. வகுத்தல் விதி என்பது நாட்காட்டி வானியற் கணிப்பிலிருந்து விடுபட்டு எண்ணைச் சார்ந்தபோது தோன்றுவது.

மேகநாத் சாகா தலைமையில் 1952இல் அமைக்கப்பட்ட நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு வகுத்து, 1957 மார்ச்சு 22 முதல் நடைமுறைக்கு வந்த இந்திய தேசிய நாட்காட்டியில் இவ்விதி புதிய வடிவம் பெற்றது. சக ஆண்டோடு 78ஐக் கூட்டுக. கிடைக்கும் ஆண்டு கிரெகொரி முறையில் லீப் ஆண்டாயின், சக ஆண்டும் லீப் ஆண்டு. அவ்வாண்டில் சைத்திர மாதம் 31 நாட்கள் கொண்டு மார்ச்சு 21இல் தொடங்கும். சக 1946உடன் 78 கூட்ட 2024 ஆதலின், அது லீப் ஆண்டாயிற்று. நிரலாக்கத்தில் ஒரு செயற்கூறு மற்றொன்றை அழைத்து அதன் விடையைத் தன் விடையாகத் தருவதை இது ஒக்கும். இலக்கண நூலார் 'மாட்டேறு' என்பதும் இதுவே.

9. முடிவுரை

மேற்கண்டவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ஒன்று, இடைவெளியைக் கூறும் தொடரைப் பெயர்க்குங்கால் எண்ணோடு எண்ணுமுறையும் பெயர்க்கப்படவேண்டும். இரண்டு, விதிகளின் வரிசை, அவ்வரிசையில் எது வலியது என்பதோடு சேர்த்தே பொருள்தரும். மூன்று, விதியோடு எடுத்துக்காட்டையும் தருவது மிகைபடக் கூறல் அன்று. கிரெகொரியின் ஆணையும் இங்கிலாந்தின் சட்டமும் அதனாலேயே ஐயமற்று நின்றன.

தமிழ்ப் பாடநூலுக்கும் மொழிபெயர்ப்புக்கும் கீழ்வரும் வாய்பாடு தகும்: 4ஆல் மீதியின்றி வகுபடும் ஆண்டுகள் லீப் ஆண்டுகள் ஆகும், அவற்றுள் 100ஆல் வகுபடுவன ஆகா, அவ்வாறு ஆகாதவற்றுள்ளும் 400ஆல் வகுபடுவன ஆகும். இதில் 'அவற்றுள்' எனும் சுட்டு ஒவ்வொரு விதியின் ஆட்சியெல்லையையும் வரையறுக்கிறது. 2023, 2024, 1900, 2000 ஆகிய நான்கையும் இதனோடு தந்தால் நால்வகை ஆண்டுகளும் அடங்கும்; செயற்கூற்றைச் சோதிப்பதற்கும் இந்நான்கு எண்கள் போதும்.

நான்கின் விதியை மட்டும் கொண்ட நிரல் 1901 முதல் 2099 ஈறாகப் பிழையின்றி விடை கூறும். அதன் குறை வெளிப்படுவது 2100 பிப்ரவரி 28க்கு அடுத்த நாளில்தான். அதுவரை சரியான விடைகளே வருவதால், விதி முழுமையாக எழுதப்பட்டதா என்பதை விடைகளைக் கொண்டு அறியவியலாது. வாக்கியத்தைப் படித்தே அறியவேண்டும்.